சலனம் என்னும் அனுமானம்

திருவனந்தபுரத்துத் தம்பானூர் ரயில் நிலையத்தில், நாகர்கோவிலுக்குப் போகும் பாசஞ்சர் வண்டியில் ஜன்னலோரமாக இடம் பிடித்து அமர்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற வண்டி ஓசையின்றி நகரத் தொடங்கியபோது, நகர்வது நாங்கள்தாம் என்று ஐயமற நம்பி, காப்பி வாங்கப் பிளாட்பாரத்தில் இறங்கியிருந்த நண்பரை நோக்கி, "அண்ணாச்சி, வண்டி எடுத்துட்டான், ஓடி வாரும்!" என்று நான் கூவியதும், அவர் இரு கைகளிலும் காப்பியோடு ஓடி வந்து, அதில் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு படியில் கால் வைத்ததும், பிறகு நிதானமாகச் சுற்றிலும் பார்த்து, "எந்த வண்டிடே எடுத்தான்? தூணு அங்கனயே நிக்குல்லா!" என்று கேட்டதும் இன்றைக்கும் மனத்தைவிட்டு அகலவில்லை. வெட்கம் ஒருபுறம் இருக்க, அன்று என் கண்ணும் மூளையும் சேர்ந்து செய்த பிழை எத்தகையது என்று வினவத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை.

இந்தப் பிரமை ரயிலோடு பிறந்ததன்று. கி.பி. 499ஆம் ஆண்டை ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் ஆரியபடீயத்தில், படகில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிப் போவதாகத் தோன்றுவதை உவமையாக்கி, இலங்கையிலிருந்து பார்ப்போர்க்கு நிலைத்த விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வதாகத் தோன்றுவதும் அத்தகையதே என்று ஆரியபடர் உரைத்தார். எரியும் கொள்ளியைச் சுழற்றினால் நெருப்பு வளையம் ஒன்று தோன்றுவதைத் தமிழில் கொள்ளிவட்டம் என்கிறோம். வேதாந்திகள் அலாதசக்கரம் என்பர். மாண்டூக்ய காரிகையின் நான்காம் பிரகரணத்துக்குக் கௌடபாதர் இட்ட பெயரே அலாதசாந்தி. படகிலிருப்பவன் கொள்ளும் பிரமை இல்லாத சலனத்தைக் காண்பது. கொள்ளிவட்டமோ இருக்கும் சலனத்தைக் காணாமல் அதன் தடத்தை மட்டும் காண்பது. நம் தார்க்கிகர்கள் பிரத்தியட்சம் வேறு, அனுமானம் வேறு என்று பிரித்துவைத்தார்கள். நிறத்தையும் ஒளியையும் பிரத்தியட்சத்தின்பாற் சேர்ப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் சலனத்தை அப்பட்டியலில் சேர்க்கலாகாது என்பதும், அது எல்லாப் பிராணிகளின் கண்களிலும் அனுமானமாகவே பிறக்கிறது என்பதும், சென்ற நூற்றைம்பது ஆண்டுகளின் ஆராய்ச்சிகளைச் சேர்த்து நோக்குவார்க்கு விளங்கக்கூடிய செய்தியாகும்.

விழித்திரையிலுள்ள ஒளியுணரும் உயிரணு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தன்மீது விழும் ஒளி கூடிற்றா குறைந்ததா என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு நிழல் இடமிருந்து வலமாகக் கடந்தாலும் வலமிருந்து இடமாகக் கடந்தாலும், விளக்கையே யாரேனும் அணைத்து ஏற்றினாலும், அதற்கு மூன்றும் ஒன்றே. ஆகையால் திசை என்பது எந்தத் தனி உயிரணுவின் அனுபவத்திலும் இல்லை. இரண்டு இடங்களில், இரண்டு கணங்களில் நிகழ்ந்தவற்றை ஒப்பிட்ட பின்னரே அது உண்டாகிறது. வியன்னாவின் சிக்மண்ட் எக்ஸ்னர் 1875இல், அருகருகே இரண்டு மின்பொறிகளை மிகச் சிறிய கால இடைவெளியில் தோற்றுவித்து, தனித்தனிப் பொறிகளாகப் பிரித்தறிய இயலாத நிலையிலும் ஒரே ஒளி இங்கிருந்து அங்கே தாவியதாகப் பார்ப்போர் உணர்வதைக் காட்டினார். அசையும் பொருளே இல்லை. அசைவு மட்டும் இருந்தது.

இதே விஷயம் 1910இல் ஒரு ரயில் பயணியைப் பிடித்துக்கொண்டது. விடுமுறைக்காகப் போய்க்கொண்டிருந்த மாக்ஸ் வெர்ட்ஹைமர், வழியில் பிராங்க்பர்ட்டில் இறங்கி, குழந்தைகள் சுழற்றிப் படம் பார்க்கும் விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி, விடுதி அறையிலேயே பரிசோதனையைத் தொடங்கிவிட்டார் என்பர். 1912இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் கெஸ்டால்ட் உளவியல் என்ற ஒரு சம்பிரதாயமே கிளம்பியது. விடுமுறையைக் கெடுத்துக்கொண்டவர்களால் விஞ்ஞானத்துக்கு விளைந்த நன்மைகளைத் தொகுத்தால் அதுவே ஒரு நூலாகும்.

தம்பானூரில் கைரளி, நிளா, ஸ்ரீ என்ற மூன்று திரையரங்குகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கே நாம் காசு கொடுத்துக் காண்பதும் எக்ஸ்னரின் பொறிகளையே. நொடிக்கு 24 நிழற்படங்கள். பழைய புரொஜெக்டரில் ஒவ்வொரு படமும் இருமுறையோ மும்முறையோ மின்னுமாறு தடுப்புத் தகடு சுழலும். நொடிக்கு ஏறத்தாழ 60 மின்னல்களுக்கு மேல் நம் கண்ணால் பிரித்தறிய இயலாமையால் தொடர்ந்த ஒளியாகத் தோன்றும். நொடிக்கு 200 மின்னல்களுக்கு மேலும் பிரித்தறியவல்ல ஈ ஒன்று அரங்கினுள் புகுந்து திரையைப் பார்க்குமாயின், நாயகனின் பாய்ச்சல் அதற்குப் பொட்டுப் பொட்டென்று மின்னும் சித்திரங்களின் வரிசையாகவே இருக்கும். ஒரே திரை; பார்ப்பவரின் கண்ணுக்கேற்ப ஒருவர்க்கு ஓட்டம், மற்றொருவர்க்கு ஒளிச்சிமிட்டல்.

தமிழர்களுக்கு இவ்வாராய்ச்சியில் பங்குண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரன், பிற்காலத்தில் வேறு துறைகளில் பெரும்புகழ் எய்தினாராயினும், தம் தொடக்க காலத்தில் இத்தோற்றச் சலனத்தையே ஆராய்ந்தார். ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் என்பாருடன் அவர் செய்த பரிசோதனை ஒன்று எளியது, ஆழமானது. கற்பனைச் சதுரம் ஒன்றின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு புள்ளிகளை மின்னச்செய்து, உடனே மறைத்து, மற்ற இரு மூலைகளில் இரண்டு புள்ளிகளை மின்னச்செய்தால், புள்ளிகள் மேலும் கீழும் அசைவதாகவும் கொள்ளலாம், பக்கவாட்டில் அசைவதாகவும் கொள்ளலாம். இரண்டுக்கும் சான்று சமம். இத்தகைய சதுரங்கள் பலவற்றை ஒரே திரையில் வைத்தால், ஒன்று மேலும் கீழுமாக, மற்றொன்று பக்கவாட்டாக என்று தோன்றுவதில்லை. எல்லாம் ஒருசேர ஒரே திசையைப் பற்றிக்கொள்கின்றன. உலகில் அடுத்தடுத்து இருப்பவை பெரும்பாலும் ஒன்றாகவே நகரும் என்ற அனுபவ உண்மையை மூளை தீர்ப்பின் ஆதாரமாகக் கொள்கிறது என்பதே இதன் பொருள். சாட்சி இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது ஊர்வழக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்தாரைப் போன்றது நம் கண்.

இனி, இவ்வனுமானம் செய்யப்படும் இடம் எது, செய்யப்படும் முறை யாது என்ற கேள்விகள். முதற்கேள்விக்கு வந்த திடுக்கிடும் விடைகளுள் ஒன்று தவளையினிடமிருந்து வந்தது. 1959இல் லெட்வின், மதுரானா, மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வரும், தவளையின் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளைச் சோதித்து, அவற்றுட் சில, சிறியதும் கரியதும் வட்டமானதுமான ஒரு பொருள் பார்வைக்களத்தில் நகரும்போது மட்டும் துடிப்பதைக் கண்டார்கள். கண் என்பது படம் பிடித்து மூளைக்கு அனுப்பும் கருவியென்ற எண்ணம் அன்றோடு ஆட்டங்கண்டது. அனுப்பப்பட்டது படமன்று, 'பூச்சி வருகிறது' என்ற செய்தி. அசையாத ஈக்கள் சுற்றிலும் குவிந்து கிடக்கையில் தவளை பட்டினி கிடந்து சாகும் என்று அவர்கள் எழுதினார்கள். நம் வீட்டுக் குழல்விளக்கடியில் பல்லியும் பூச்சியும் நடத்தும் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. பூச்சி அசையாதிருக்கும் வரை பல்லியும் அசையாது. பூச்சி ஒரு சிறகை அசைத்தால் முடிந்தது கதை.

இரண்டாம் கேள்விக்கான விடையைத் தந்தது ஒரு வண்டு. இங்கே சற்று நின்று பேசவேண்டும். ஏனெனில் இந்தத் துறையில் இதைவிட அழகான பரிசோதனையை நான் அறியேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழகிய இரு ஜெர்மானிய இளைஞர்கள், ஒருவர் உயிரியலாளர் பெர்ன்ஹார்ட் ஹாஸன்ஸ்டைன், மற்றவர் பௌதிகர் வெர்னர் ரைக்கார்ட், போர் முடிந்தபின் குளோரோபேனஸ் என்ற சிறு வண்டை ஆராய முற்பட்டார்கள். வண்டின் முதுகை ஒரு கம்பியில் ஒட்டி அந்தரத்தில் நிறுத்தி, அதன் கால்களுக்கிடையில் வைக்கோல் போன்ற மெல்லிய இழைகளால் பின்னிய பந்து ஒன்றைக் கொடுத்தார்கள். வண்டு நடப்பதாக எண்ணிப் பந்தை உருட்டும். உருளும் பந்தில் சிற்சில அடிகளுக்கொருமுறை பாதை இரண்டாகப் பிரியும். வலமா இடமா என்று அது தெரிந்தெடுக்கவேண்டும். சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் தீட்டிய உருளை சுழலும். கோடுகள் நகரும் திசையிலேயே வண்டு திரும்ப விரும்புமாதலால், நூறு பிரிவுகளில் எத்தனை முறை இடம், எத்தனை முறை வலம் என்று எண்ணினாலே, வண்டு கண்ட அசைவின் அளவு கணக்கிற்கு வந்துவிடும். கத்தியில்லை, மின்முனையில்லை, எண்ணிக்கைதான்.

இதிலிருந்து 1956இல் அவர்கள் உருவாக்கிய சித்தாந்தத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு தெருவின் கிழக்கு முனையிலும் மேற்கு முனையிலும் இரண்டு காவலர்கள் நிற்கிறார்கள், ஒருவரையொருவர் பார்க்கமுடியாது, தம்மை ஏதேனும் கடந்தால் அலுவலகத்துக்கு ஆளனுப்புவது மட்டுமே அவர்கள் தொழில். கிழக்குக் காவலன் அனுப்பும் ஆள் மெதுவாக நடப்பவன். மேற்குக் காவலன் அனுப்புபவன் ஓட்டக்காரன். வண்டி கிழக்கிலிருந்து மேற்கே போனால், முன்னால் புறப்பட்ட மந்தகதிக்காரனும் பின்னால் புறப்பட்ட ஓட்டக்காரனும் அலுவலக வாசலை ஒரே சமயத்தில் அடைவார்கள். மேற்கிலிருந்து கிழக்கே போனாலோ, ஓட்டக்காரன் எப்போதோ வந்துவிட்டிருப்பான், மற்றவன் எப்போதோ வருவான். இருவரும் ஒருங்கே வந்தால் மட்டும் மணியடிப்பது என்று அலுவலகத்தில் விதி வைத்துவிட்டால், மணியோசையே திசையைச் சொல்லிவிடும். தாமதம் ஒன்று, இருவரும் ஒருங்கே வருவதைக் காட்டும் பெருக்கல் ஒன்று. இவற்றைக் கண்ணாடியில் கண்டதுபோல எதிர்த்திசைக்கும் அமைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட்டால் சலனமறியும் யந்திரம் முழுமையடைந்துவிடுகிறது.

சித்தாந்தத்தின் தகுதி அது முன்கூட்டிச் சொல்லும் பிழைகளில் வெளிப்படுகிறது. இம்முறையில் இயங்கும் கண், தன் கண்பொட்டுகளின் இடைவெளிக்கு ஒப்ப மிக நுண்ணிய கோடுகளைக் கண்டால் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டும். பூச்சிகள் அவ்வாறே எதிர்ப்புறம் திரும்புகின்றன. திரைப்படத்தில் குதிரைவண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாக நாம் காண்பதும் இதன் உறவினமே. இன்னொன்றும் உண்டு. இந்த யந்திரம் வேகத்தை அளப்பதில்லை. நொடிக்கு எத்தனை கோடுகள் கடந்தன என்பதையே அளக்கிறது. அகலமான கோடுகள் விரைவாகப் போவதும் நெருக்கமான கோடுகள் மெதுவாகப் போவதும் அதற்கு ஒன்றாகலாம். இக்குறையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன். தேனீக்களிடம் செல்லும்போது இது தேவைப்படும்.

பூச்சியின் தலையில் இந்த யந்திரம் எங்கே இருக்கிறது என்பதைக் காண ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. பழத்தைச் சுற்றும் சின்னஞ்சிறு ஈயின் ஒரு கண்ணில் ஏறத்தாழ 750 வில்லைகள்தாம் உள்ளன. உலகம் அதற்கு 750 புள்ளிகளாலான ஒரு முரட்டுக் கோலம். 2013இல் ஜெர்மனியில் அலெக்சாண்டர் போர்ஸ்ட்டின் குழுவினர், டி4, டி5 என்ற இருவகை நரம்பணுக்களே முதன்முதலில் திசையை உணர்பவை என்றும், முன்னது வெளிச்ச விளிம்புகளையும் பின்னது இருள் விளிம்புகளையும் கவனிக்கின்றது என்றும், ஒவ்வொன்றிலும் மேல், கீழ், முன், பின் என்ற நான்கு திசைகளுக்கு நான்கு பிரிவுகள் உண்டென்றும் காட்டினார்கள். அப்பால் உள்ள பெரிய நரம்பணுக்கள் இச்சிறு தீர்ப்புகளையெல்லாம் பார்வைக்களம் முழுவதிலுமிருந்து திரட்டி, 'உடல் வலப்புறம் சாய்கிறது', 'கீழே விழுகிறோம்' என்பன போன்ற பெருந்தீர்ப்புகளாக்கிச் சிறகுகளுக்கு வழிகாட்டுகின்றன.

முதுகெலும்புள்ளவற்றின் வரலாறு வேறு வழியாக வந்தது. டார்வினின் கொள்ளுப்பேரரான ஹொரேஸ் பார்லோவும் வில்லியம் லெவிக்கும் 1965இல் முயலின் விழித்திரையைச் சோதித்தபோது, திசையுணர்வு மூளைக்குப் போகுமுன்பே விழித்திரையிலேயே முடிந்துவிடுவதையும், அது பெருக்கலால் அன்றித் தடையால் விளைவதையும் கண்டார்கள். அதாவது, விரும்பாத திசையில் ஒரு பொருள் வரும்போது, முதற்காவலன் அனுப்பிய ஆள் வாசலில் நின்று இரண்டாமவனின் ஆளை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறான். விரும்பிய திசையில் வரும்போது, தடுப்பவன் வந்து சேருமுன் செய்தி உள்ளே போய்விடுகிறது. தடுப்பவன் யார் என்பது நெடுநாள் மர்மமாயிருந்து, 2002இலும் 2011இலும் வந்த ஆராய்ச்சிகளால், நட்சத்திரவெடி போல் நாற்புறமும் கிளை விரிக்கும் ஒருவகை நரம்பணுவே அது என்றும், அதன் ஒவ்வொரு கிளையும் தனித்தனியே திசையை உணர்கிறது என்றும் தெளிந்தது.

பெருக்கலா, தடையா என்ற வழக்கு பல்லாண்டுகள் நடந்தது. ஈயின் டி4 அணுக்களில் இரண்டுமே ஒருங்கே உண்டென்று 2016இல் தெரியவந்தபோது, இரு கட்சியாரும் வென்றதாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பது என் ஊகம். அபிப்பிராயம் கூறும் உரிமை எனக்கு இருக்குமாயின் இதைச் சொல்வேன்: ஈக்கும் முயலுக்கும் பொதுவாயிருப்பது உறுப்பு அன்று, கணக்கு. அவற்றின் பொதுமூதாதை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. உறுப்புகளும் அணுக்களும் வேறு வேறு. ஆயினும் இரு புள்ளிகளையும் ஒரு தாமதத்தையும் கொண்டு திசையை அறிவதற்கு வேறு சிக்கனமான வழி இல்லாமையால், இரண்டு இனங்களும் ஒரே வாய்ப்பாட்டை அடைந்தன என்று கொள்வதே பொருந்தும்.

இப்போது தேனீக்கள். பெங்களூரில் வளர்ந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பொறியியல் பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவில் வாழ்நாளாராய்ச்சியை நடத்திய மண்டயம் ஸ்ரீனிவாசனுக்குக் கேள்வி மிகச் சாதாரணமானது: ஒரு குறுகிய சந்தில் பறக்கும் தேனீ சரியாக நடுவில் பறப்பது எப்படி? அதன் இரு கண்களும் அருகருகே நிலைத்திருப்பதால் நம்மைப் போல் இருகண் பார்வையால் தூரத்தை அளக்க அதற்கு இயலாது. சுவர்களில் செங்குத்துக் கோடுகள் தீட்டிய ஒரு குகைவழியில் தேனீக்களைப் பழக்கி, ஒரு பக்கச் சுவரை மட்டும் தேனீ போகும் திசையிலேயே நகர்த்தினார். தேனீக்கள் அச்சுவரை நோக்கி ஒதுங்கின. எதிர்த்திசையில் நகர்த்தினார், விலகிப் போயின. சுவர் எத்தனை விரைவாகக் கண்ணைக் கடந்து ஓடுகிறதோ அத்தனை அருகில் இருப்பதாகத் தேனீ கொள்கிறது. இருபுற ஓட்டமும் சமமாகும் இடமே நடுவழி. பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்தவர்க்கு வேலியோரக் கற்கள் பறப்பதும் தூரத்துத் தென்னைகள் தவழ்வதும் தெரிந்ததே. நமக்கு வேடிக்கையாயிருப்பது தேனீக்கு அளவுகோலாயிற்று. தம்பானூரில் லாரி பேக்கர் எழுப்பிய செங்கல் காப்பிக் கடையின் சுருள்வழியில் ஏறும்போதெல்லாம், சுவரின் துளைகளிலிருந்து வரும் வெளிச்சத் துண்டுகள் ஒரு பக்கமாகவே கண்ணைக் கடந்து ஓடுவதைக் காண்கையில், ஸ்ரீனிவாசனின் தேனீ இங்கே எந்தச் சுவரை ஒட்டிப் பறக்கும் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

வியப்பு யாதெனில், கோடுகளை நெருக்கினாலும் அகலப்படுத்தினாலும் தேனீ நடுவழியை விடவில்லை. நொடிக்கு எத்தனை கோடுகள் என்று எண்ணும் வண்டின் யந்திரம் இங்கே செல்லாது. தேனீ உண்மையான வேகத்தையே அறிகிறது. ஆகவே பூச்சிகளின் தலையில் சலனமறியும் யந்திரம் ஒன்றல்ல, வெவ்வேறு வேலைகளுக்கு வெவ்வேறு யந்திரங்கள் உண்டு என்ற முடிவு வலுப்பெற்றது. தரையில் இறங்குவதற்கும் தேனீ இதே ஓட்டத்தைப் பயன்கொள்கிறது: கீழே தரை ஓடும் வேகம் கண்ணில் மாறாதிருக்குமாறு பறக்கிறது, தாழத் தாழத் தரை விரைந்து ஓடத் தொடங்குமாதலால் தேனீ தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டியதாகிறது, தரையைத் தொடும் கணத்தில் வேகமும் ஏறக்குறையச் சூனியமாகிறது. உயரமானி வேண்டாம், கணிதமும் வேண்டாம்.

தேனீ தான் பறந்த தூரத்தைக் கூட்டாளிகளுக்கு நடனத்தால் அறிவிக்கிறது என்பதைக் கண்டு 1973இல் நோபல் பரிசு பெற்றவர் கார்ல் வான் பிரிஷ். தூரத்தை அது செலவான சக்தியைக் கொண்டு அளக்கிறது என்பது அவர் கொண்ட முடிவு. 2000இல் ஸ்ரீனிவாசனும் கூட்டாளிகளும், ஆறு மீட்டரும் சில விரற்கடையும் நீளமுள்ள, புள்ளிக்கோலம் நிறைந்த ஒடுங்கிய குழாய்வழியில் தேனீக்களைச் செலுத்தினார்கள். சுவர்கள் மிக அருகில் இருந்தமையால் கண்ணைக் கடந்த ஓட்டம் மிகுந்தது. திரும்பி வந்த தேனீக்கள் ஏறக்குறைய 200 மீட்டர் பறந்துவந்ததாக ஆடிக் காட்டின. கோலத்தை மாற்றி, நீளவாட்டில் கோடுகளைத் தீட்டியபோது, கடந்து ஓட ஒன்றுமில்லாமையால், தேனீக்கள் தூரமே போகாதவைபோல் ஆடின. பொய் சொல்லும் உத்தேசம் அவற்றுக்கு இல்லை. என்னைப் போலவே அவையும் கண்ணை நம்பின.

கண்ணை நம்புவது எதிரிக்கு வாய்ப்பாகவும் ஆகலாம். துலாமாத மழைக்குப்பின் திருவனந்தபுரத்து வெளிகளில் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் துலாத்தும்பி என்னும் தட்டானைப் பார்த்திருப்பீர்கள்; தட்டான் இனத்தார் இரையைப் பின்தொடர்வதில்லை, அது வந்து சேரப்போகும் இடத்தைக் கணித்து அங்கே போய்ச் சேர்கிறார்கள். ஸ்ரீனிவாசன் பங்குகொண்ட 2003ஆம் ஆண்டு ஆராய்ச்சி ஒன்று, ஆஸ்திரேலியத் தட்டான்கள் தம்முள் சண்டையிடும்போது, எதிரியின் கண்ணில் தம் உருவம் ஒரே இடத்தில் நிலைத்திருப்பதுபோல் தோன்றுமாறு பாதையை வளைத்துக்கொண்டு நெருங்குவதைக் காட்டியது. அசைவதும், அசையாததாகத் தோன்றுவதும் ஒருங்கே! அரசியல்வாதிகள் மட்டுமே அறிந்த வித்தை என்று நான் எண்ணியிருந்தேன்.

மீண்டும் ரயிலுக்கு வருவோம். நான் நகர்கிறேனா, உலகம் நகர்கிறதா? கண்ணில் படும் ஓட்டம் இரண்டிலும் ஒன்றாகையால் கண் மட்டும் இவ்வழக்கைத் தீர்க்க முடியாது. காதினுள் உள்ள சமநிலை உறுப்பு வேகம் மாறும்போது மட்டும் பேசும். சீரான வேகத்தில் ஊமை. ஆகவே வண்டி மென்மையாகக் கிளம்பினால் அந்தச் சாட்சி சும்மா இருந்துவிடுகிறது. பார்வையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நகர்வதைக் காணும் மூளை, பெரியது நிலைத்தது, சிறியது நகர்வது என்ற பழைய விதியைக் கொண்டு, நகர்பவன் நானே என்று தீர்த்துவிடுகிறது. அண்ணாச்சி பிளாட்பாரத்துத் தூணைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. அவ்வளவே வேற்றுமை.

மற்றொரு சாட்சி நம் சொந்தக் கட்டளை. கண்ணைத் திருப்புமாறு தசைக்கு ஆணையிடும் மூளை, அவ்வாணையின் ஒரு பிரதியைத் தானும் வைத்துக்கொள்கிறது. அதனால் எதிர்பார்க்கப்பட்ட படவோட்டம் கழிக்கப்பட்டு, உலகம் அசையாமல் நிற்கிறது. கடைக்கண்ணை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஆணையில்லாமல் கண் நகர்ந்ததால் உலகமே ஆடும். 1950இல் வான் ஹோல்ஸ்ட்டும் மிட்டல்ஷ்டேட்டும் ஓர் ஈயின் தலையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டிவிட்டபோது, கழிக்கவேண்டியதைக் கூட்டிக்கொண்ட அது ஓயாமல் வட்டமிட்டது. நிலையத்துப் பிளாட்பாரத்தில் சோளப்பொரி பொறுக்கும் புறாக்கள் தலையை வெட்டி வெட்டி நடப்பதும் இச்சிக்கலுக்கான ஒரு தீர்வே: உடல் முன்னேறும்போது தலை ஒரு கணம் அந்தரத்தில் அசையாமல் நின்று, படத்தை நிலைநிறுத்திப் பார்த்துவிட்டு, முன்னே பாய்கிறது. ஓடும் பட்டையின்மீது புறாவை நடக்கவிட்டு, சுற்றுப்புறம் அசையாதபடி செய்தபோது, புறா தலையாட்டுவதை நிறுத்திவிட்டது என்று 1978இல் பாரி பிராஸ்ட் காட்டினார்.

குரங்கு, மனிதன் ஆகியோரிடத்தில் இக்கணக்கின் பெரும்பகுதி மூளைப்புறணியில் நடக்கிறது. ஸெமீர் ஸெக்கி 1970களில் குரங்கு மூளையில் சலனத்துக்கென்றே ஒதுங்கிய ஒரு பகுதியை விவரித்தார். 1990இல் வில்லியம் நியூஸமும் கூட்டாளிகளும் அப்பகுதியில் நுண்ணிய மின்னோட்டம் பாய்ச்சி, குரங்கு காணும் திசையையே மாற்றினார்கள். அதே பகுதி பழுதுற்ற ஒரு பெண்மணியின் நிலையை 1983இல் மியூனிக் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். நிறம் தெரியும், முகம் தெரியும், எழுத்துத் தெரியும்; அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்த பனிக்கட்டி போல் நின்றது, நிரம்பியதும் தெரியவில்லை. தொலைவில் இருந்த கார் அடுத்த கணம் அருகில் இருந்தது, இடையில் ஒன்றுமில்லை. தம்பானூர் பேருந்து நிலையத்தின் முன்னே சாலையைக் கடந்தவர்கள் அந்தப் பெண்மணியின் துன்பத்தை எளிதில் ஊகிக்கலாம்.

இதற்கு நேர்மாறான சான்று இந்தியாவிலிருந்து கிடைத்தது. பிறவியிலிருந்து பார்வையின்றி வளர்ந்து, சிகிச்சையால் பிற்காலத்தில் பார்வை பெற்றவர்களைப் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தார் தில்லியில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த உருவங்களை அவர்களால் தொடக்கத்தில் பிரித்தறிய இயலவில்லை. ஒவ்வொரு நிழலும் ஒளித்திட்டும் தனிப்பொருளாகவே தோன்றிற்று. உருவம் அசைந்ததும் பொருள் பிரிந்து நின்றது. அவர்களுக்கு உலகத்தைப் பொருள்களாகப் பிரித்துத் தந்தது நிறமோ கோடோ அன்று, சலனமே.

இறுதியாக, நம் ஊர்க் கருவண்டு ஒன்று. சைலோகோபா திராங்கெபாரிகா என்பது அதன் சாஸ்திரப் பெயர். தரங்கம்பாடி டேனியர் வசமிருந்த காலத்தில், 1804இல் பப்ரீசியஸ் அதை அவ்வூரின் பெயரால் குறித்தார். மரத்தைத் துளைத்துக் கூடுகட்டும் தேனீ இனமாகிய இது, நிலவில்லாத இரவிலும் பறக்கிறது. மகாராஷ்டிரத்துப் பீமாசங்கர் காட்டில் ஹேமா சோமநாதன், ரெனீ போர்ஜஸ் முதலியோர் ஆராய்ந்து, விண்மீன் வெளிச்சத்திலேயே அது நிறங்களைப் பிரித்தறிவதை 2008இல் நிரூபித்தார்கள். அதன் கண், பகலில் பறக்கும் தேனீயின் கண்ணமைப்பையே உடையது. ஆனால் வில்லைகள் பெரியவை. அவ்வளவு சொற்ப ஒளியில், வரும் ஒளித்துகள்களை நெடுநேரம் சேர்த்துவைத்துப் பார்த்தால் படம் தெளியும், ஆனால் அசைவு குழம்பும். விரைந்து பார்த்தால் அசைவு கிட்டும், படம் இருளும். கிளைகளுக்கிடையே மோதாமல் கூடு சேரும் இந்தத் தேனீ தாமதத்தையும் விரைவையும் எவ்வாறு சமன்செய்கிறது என்பது, வண்டின் முதுகில் கம்பி ஒட்டிய காலத்துக் கேள்விகளைவிட எளியதன்று. சோமநாதன் பணியாற்றும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் மலையடிவாரத்தில், விதுரையில் உள்ளது. தம்பானூரிலிருந்து நெடுமங்காடு வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். குமரி மாவட்டத்திலிருந்து உயிரியல் படிக்க வரும் பிள்ளைகள் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும்; பேருந்தில் ஜன்னலோரம் உட்காருங்கள்.